மாலையைக் கழற்றிய பிறகும் கூடத்தில் படுக்கிறார்

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. பூம்பாறையில் பூண்டு விவசாயம். பிள்ளைகள் மதுரையில் படிக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு 52. தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போய் வந்தார். மாலையைக் கழற்றி ஐந்து மாதமாகிறது. இன்னமும் கூடத்தில்தான் படுக்கிறார். "இனி முருகன் போதும்" என்கிறார். எனக்கு ஆசை இருக்கிறது. அந்த நினைப்போடு கோயிலுக்குள் போகக் கூசுகிறது. விதைப்பூண்டுக் கடன் வேறு. நான் கெட்டவளா?

— பெயர் வேண்டாம், பூம்பாறை

பதில்: இல்லை தங்கச்சி. கொடைக்கானல் மலைக் கிராமங்களில் 30 வருடம் நர்சாக இருந்தவள் நான். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்த எத்தனையோ பெண்கள், கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டது இதைத்தான்.

முருகனிடம் கூச்சம் எதற்கு? பழனியில் கோவணத்தோடு நிற்கிறவர்தான் தினைப்புனம் காத்த வள்ளியைத் தேடி வந்தவர். நம் முன்னோர் மலைநிலத்துக்குக் குறிஞ்சி என்று பூவின் பெயரை வைத்தார்கள். அதற்கு முருகன் தெய்வம், தினை உணவு, புணர்தல் ஒழுக்கம். மண், சோறு, உடம்பு, சாமி எல்லாவற்றையும் ஒரே மலையில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் ஊர் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நாளைக்கே போய் வாருங்கள்.

அவர் மனமாரத் துறவு விரும்பினால் அதையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஒருவர் எடுத்த முடிவில் இரண்டு பேர் வாழ முடியாது.

அதற்கு முன்னால் அவர் உடம்பைப் பாருங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். சர்க்கரை நரம்பையும் கெடுக்கும். அதனால் ஆணுக்கு விறைப்பு குறையும். சில பிரஷர் மாத்திரைகளாலும் அப்படி ஆவதுண்டு. சிலருக்கு இது இதய நோயின் முதல் அறிகுறி. சொல்ல வெட்கப்பட்டு விரதத்துக்குள் ஒதுங்கிக்கொண்ட ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பக்தி பொய் என்று சொல்லவில்லை. பக்தியோடு பயமும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டரிடமும் கூட்டிப் போங்கள்.

உங்களுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது பிறப்புறுப்பு வறண்டு, சேரும்போது வலிக்கும். வலியில் நீங்கள் முகம் சுளித்ததை, தன்னையே வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்கென்று வழவழப்பான ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கிறது. வலி நீடித்தால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், ஒரு வருடம் முழுக்க விலக்கு நிற்காதவரை கரு தங்க வாய்ப்பு உண்டு, மறந்துவிடாதீர்கள்.

கடனை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. வீடு கட்டிய வருடம் என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு வயதாகிவிட்டது, அதுதான் காரணம் என்று நினைத்து அழுதேன். தினமும் ராத்திரி அவர் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ராத்திரி பாய் விரித்த பிறகு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பகலில் இரண்டு பேரும் பூண்டைக் கட்டித் தொங்கவிடுவீர்களே, அப்போது கை வேலையாக இருக்கும், முகம் பார்க்க வேண்டியிருக்காது. "உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று மட்டும் முதலில் கேளுங்கள்.