உங்கள் பிராண்டில் எல்இடி பல்பு: பி.ஐ.எஸ். பதிவு யார் பெயரில் வாங்குவது?

கேள்வி: வெளிமாநிலத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து 9 வாட் எல்இடி பல்புகளை வாங்கி, என் பிராண்ட் பெயரில் விற்கப் போகிறேன். அவர்கள் சிஇ சான்றிதழ் காட்டுகிறார்கள். ஏஜென்ட் ஒருவரோ, பத்தே நாளில் என் பெயரில் பி.ஐ.எஸ். நம்பர் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பி.ஐ.எஸ். என்னும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் நம்பர் தருவது பல்பைத் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு, அதுவும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும். வாங்கி விற்பவர் பெயரில் அது கிடைக்காது. உங்கள் பிராண்டுக்கும் செல்லும்படி அந்தத் தொழிற்சாலைதான் விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். பிராண்ட் உங்களுடையது, அவர்களுக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள் என்ற கடிதத்தை நீங்கள் கொடுக்க வேண்டும்.

ஏஜென்ட் தரப்போகும் நம்பர் பெரும்பாலும் வேறு யாருடையதாகவோ இருக்கும். 'ஆர்' என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும் அந்த நம்பரை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பிராண்ட் என எல்லாம் வந்துவிடும். ஒன்று பொருந்தாவிட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படிவங்களையும் வரிக்கு வரி வரும் ஆட்சேபங்களையும் பார்த்துச் சிறு வியாபாரி மிரள்வதால்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் தமிழில் ஒரு தெளிவான கையேடு கையில் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

சிஇ என்பது ஐரோப்பியச் சந்தைக்கானது. விளக்குகளில் பெரும்பாலும் தயாரிப்பாளரே தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி அது. இங்கே அதற்கு மதிப்பில்லை.

இங்கே வேண்டியது எல்இடி பல்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16102 முதல் பகுதியின்படி, பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஆய்வகத்தின் அறிக்கை. அது பாதுகாப்புக்கான சோதனை. உதாரணமாக, பல்பை 48 மணி நேரம் ஈரப்பதம் நிறைந்த அறையில் வைத்துவிட்டு, கையில் படும் பல்பின் வெளிப்பகுதிக்கும் மின்சாரம் ஓடும் பகுதிக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்து, மின்தடை 4 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மழைக்காலத்தில் ஈரக் கையோடு பல்பு மாற்றுபவரின் உயிர் இதில்தான் இருக்கிறது. சில தொழிற்சாலைகள் ஆய்வகத்துக்கு நல்ல டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்) போட்ட பல்பை அனுப்பிவிட்டு, கடைக்கு மலிவான டிரைவரை உள்ளே வைத்து அனுப்புகின்றன. அதனால் அறிக்கையில் இருக்கும் உதிரி பாகப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வந்த சரக்கில் ஒரு பல்பைப் பிரித்து ஒப்பிடுங்கள். சந்தையிலிருந்து பி.ஐ.எஸ். எடுக்கும் மாதிரி தோற்றால் பதிவே போகலாம். அப்போது கையில் சரக்கோடு நிற்பது நீங்கள்தான்.

வெளிச்சம், மின்சிக்கனம் எல்லாம் வேறு கதை. அதற்கு நட்சத்திர முத்திரை தனியாக வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் நம்பர் உங்கள் பெயரில் வரும். உதிரி பாகங்களை வாங்கி உங்கள் ஷெட்டிலேயே பல்பைப் பூட்டினால், நீங்களே தயாரிப்பாளர். பூட்டுவதென்றால் சும்மா மூடியைத் திருகி, பெட்டியில் போட்டு, லேபிள் ஒட்டுவதல்ல, அது பேக்கிங். போர்டு, டிரைவர், கேப் மூன்றையும் நீங்கள் இணைத்து, முடிந்த பல்பை அங்கேயே சோதிக்கும் கருவிகள் இருக்க வேண்டும். பாதி வேலை அங்கே, பாதி வேலை இங்கே என்றால், இறுதியாகப் பூட்டிச் சோதிக்கும் இடம் எதுவோ அந்த முகவரியில்தான் பதிவு. ஷெட்டை இடம் மாற்றினாலும் பழைய நம்பரை அப்படியே எடுத்துப் போக முடியாது. "கிட் வாங்குங்கள், நம்பர் கூடவே வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிட் விற்றவரின் நம்பர் அவர் முகவரிக்குத்தான்.

இப்போதைக்கு, தொழிற்சாலையிடம் உங்கள் பிராண்டுக்கு எப்போது விண்ணப்பிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வறிக்கை, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். பழைய அறிக்கையைக் காட்டினால் புதிதாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நம்பர் செயலியில் தெரியும்வரை அட்டைப்பெட்டி அச்சடிக்கவும் பணம் கட்டாதீர்கள்.