ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90 என்கிறார்கள், 126 என்கிறார்கள், கையேட்டில் 63 இருக்கிறது. எப்படிக் கணக்கிடுவது?

பிளஸ் டூ பிராக்டிகலுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று எண்ணும் சரியானவைதான், ஆனால் மூன்றும் ஒன்றையே சொல்லவில்லை. இரண்டு ஹைட்ரஜனுக்கு 2, இரண்டு கார்பனுக்கு 24, நான்கு ஆக்சிஜனுக்கு 64, மொத்தம் 90. இது நீரற்ற அமிலம். லேபில் வழக்கமாக இருக்கும் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும், வாய்பாட்டில் புள்ளி வைத்து (H₂C₂O₄·2H₂O) எழுதுவது அதைத்தான். புள்ளியைப் பார்த்ததும் பெருக்கிவிடாதீர்கள், கூட்ட வேண்டும். ஒரு நீருக்கு 18, இரண்டுக்கு 36. 90 + 36 = 126. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு வினைபுரியும்போது ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களைத் தருவதால் அதில் பாதி, 63, சமான எடை, அதாவது ஒரு எலக்ட்ரானுக்கு ஈடான எடை. (எல்லா அணு எடையையும் தசமத்தோடு போட்டால் 126.07 பக்கம் வரும், தெரியும். பள்ளித் தராசுக்கு 126 போதும், சண்டைக்கு வராதீர்கள்.)

இந்த 90-க்கும் 126-க்கும் நடுவில் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். மாதிரித் தேர்வுக்கு முந்தைய நாள் ஆசிரியரே ஆக்சாலிக் அமிலம் 6.3 கிராம் (63-இல் பத்தில் ஒன்று) எடுத்து ஒரு லிட்டர் கரைசல் போட்டு வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் ஊற்றிச் சூடுபடுத்தி, பிள்ளைகள் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள், ப்யூரெட்டில் 20 மில்லியிலேயே நிற்க வேண்டிய இளஞ்சிவப்பு, வினை முடிந்ததற்கு அடையாளம், அதைத் தாண்டியும் நிற்கவே இல்லை. 28 பக்கம் போய்த்தான் நின்றது. எல்லா மேசையிலும் அதே கதை. பெர்மாங்கனேட் கெட்டுவிட்டது, வேறு போடு என்றார் அவர். நான் அமில பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். லேபிளில் பொடி எழுத்தில் 90.03. விலை குறைவென்று யாரோ வாங்கிய நீரற்ற சரக்கு! 90-இல் பாதி 45, அதில் பத்தில் ஒன்று 4.5 கிராம் போதுமானதற்கு 6.3 போட்டால் 20 மில்லிக்கு 28 ஆகத்தானே செய்யும்? சொன்னேன். "உனக்கெதற்கு இந்தக் கணக்கெல்லாம்" என்று பதில் வந்தது, அப்புறம் சத்தமில்லாமல் புதுக் கரைசல் போட்டார்கள்.

எல்லா ஆசிரியர்களும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வன்று காலையில் அத்தனை கரைசலையும் போட்டு வைப்பதும் நாங்கள்தான், வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு டீ வாங்கப் போவதும் நாங்கள்தான். பிள்ளைகள் தராசைத் தொடாமலேயே எண்களை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள், அது யாருக்கும் உறுத்துவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஃபெரஸ் சல்பேட் படிகத்துக்கு 278 எப்படி வருகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரும்பு 56, கந்தகம் 32, ஆக்சிஜன் நான்கு, நீர் ஏழு. வரவில்லையென்றால் கீழே கேளுங்கள்.