மலைநாட்டு ஓணான்கள் சொல்லும் பதில்

கேள்வி: விலங்கினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் ஒரு பல்லி வேறொன்றாக மாறுவதையோ, குரங்கு மனிதனாவதையோ யாரும் ஏன் பார்த்ததில்லை?

ஒரு பல்லி நம் கண் முன்னால் வேறொன்றாக மாறிவிட்டால், அன்றைக்கே கூர்ப்புக் கொள்கையை, அதாவது பரிணாமக் கொள்கையை, தூக்கிப் போட வேண்டியதுதான். டார்வின் 1859இல் எழுதியது அந்த மாதிரி மாயவித்தையைப் பற்றி இல்லை. பிறந்த உயிர் பிறந்தபடியே வாழ்ந்து சாகும். மாறுவது கூட்டம். எந்த மாதிரிப் பிறவிகள் நிறையக் குட்டி போட்டன, எவை வாரிசில்லாமல் போயின என்பதைப் பொறுத்துத் தலைமுறைக்குத் தலைமுறை கூட்டத்தின் சாயல் நகர்ந்துகொண்டே போகும். இலங்கையில் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

அவர்களுக்கு நான் காட்டுவது தேயிலை மலையை. பழைய விதைத் தேயிலையில் ஒரு செடியைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்றுக்கு இலை பெரிது, ஒன்று கவ்வாத்து (கிளை வெட்டு) முடிந்ததும் சீக்கிரம் தளிர்க்கும், ஒன்று வரட்சி வந்தால் முதல் ஆளாகக் காயும். பக்கத்து மலையில் வீ.பி. தேயிலை. ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட துண்டுகள் என்பதால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. கடும் வரட்சி வந்து விதைத் தேயிலையில் பாதி செத்தாலும், தப்பியதன் விதையை எடுத்து நட்டால் அடுத்த மலை வரட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எந்தச் செடியும் மாறவில்லை, மலை மாறிவிட்டது. காட்டில் விதை பொறுக்க ஆளில்லை. குளிரும் பசியும் நோயும் இணைக்கான போட்டியும் அந்த வேலையைச் செய்கின்றன. எல்லாம் வீ.பி. மாதிரி ஒன்றாக இருந்திருந்தால் பொறுக்குவதற்கே எதுவும் இருக்காது. வேற்றுமை தேவை. அதைத் தருவது விகாரமும் (பரம்பரை அலகில், அதாவது ஜீனில், தானாக நேரும் மாற்றம்), ஒவ்வொரு தலைமுறையிலும் தாய் தந்தையின் பரம்பரை அலகுகள் கலந்து வருவதும். இரண்டுக்கும் நோக்கம் என்று எதுவும் கிடையாது.

சரி, கூட்டம் மாறுகிறது. ஒரு இனம் எப்படி இரண்டாகிறது? அதற்கு நம் மலைநாட்டை விட நல்ல பாடம் தேடிக் கிடைக்காது.

ஹோட்டன் சமவெளிக்குப் போயிருந்தால் மூக்கின் நுனியில் கொம்பு வைத்த ஓணானைப் பார்த்திருப்பீர்கள். ஆணுக்குக் கொம்பு நீளம், காண்டாமிருகத்துக்கு இருப்பது போல் கூராக நிற்கும். மகாவலியைத் தாண்டி நக்கிள்ஸ் மலைக்குப் போனால் அங்கேயும் கொம்பு ஓணான் உண்டு. ஆனால் அதன் கொம்பு தட்டையாக, சதைப்பிடிப்போடு இலை மாதிரி இருக்கும். அது தனி இனம், 1861இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். தெற்கே இறக்குவானை மலையில் இன்னும் இரண்டு இனங்கள், 1998இல் அடையாளம் காணப்பட்டவை. அவற்றுக்குக் கொம்பு பேருக்குத்தான், இல்லை என்றே சொல்லலாம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மத்திய மலைத்தொகுதி, நக்கிள்ஸ், இறக்குவானை மூன்றும் தனித்தனி மேடுகள். நடுவே சூடான பள்ளத்தாக்குகள். இன்று விக்டோரியா நீர்த்தேக்கம் கிடக்கும் மகாவலிப் பள்ளத்தாக்கு நமக்கு ஒரு பஸ் பயணம். குளிர்ந்த, ஈரமான காட்டில் மரத்தண்டைக் கட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு சின்ன ஓணானுக்கு அது கடல். இரண்டு பக்கத்துக் கூட்டமும் கலக்காவிட்டால் இந்தப் பக்கத்து விகாரம் அந்தப் பக்கம் போகாது. லட்சக்கணக்கான வருடங்கள் அப்படியே போனால் பிறகு சந்தித்தாலும் சேராத அளவுக்கு இரண்டும் விலகிவிடும்.

இதே கோட்டில் இன்னொரு சோடியும் பிரிந்திருக்கிறது. குட்டி போடும் குள்ள ஓணானில் ஒன்று ஹக்கலை, ஹோட்டன் சமவெளிப் பக்கம், மற்றது நக்கிள்ஸில். நக்கிள்ஸ் இனத்துக்குத் தனிப்பெயர் கிடைத்தது 2006இல்தான். ஒரே பள்ளத்தாக்கு இரண்டு வெவ்வேறு வகை ஓணான்களையும் பிரித்து வைத்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கொம்பு எதற்கு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பயன் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும் என்பேன். பரம்பரை அலகுகளை ஒப்பிட்டவர்கள், இந்தக் குடும்பத்தில் கொம்பு ஒரு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதுதான் கொம்பை விடப் பெரிய அதிசயம்.

'இந்தியாவோடு ஒட்டிக்கொண்டிருந்த நாடுதானே, அங்கே உள்ளதுதானே இங்கேயும் இருக்க வேண்டும்?' என்று சிலர் கேட்பார்கள். பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குக் கீழே போனபோது பாக்கு நீரிணை தரையாக இருந்தது உண்மை. யானையும் சிறுத்தையும் நடந்தே வந்து போகலாம். அதனால்தான் பொகவந்தலாவைத் தேயிலைக்குள் திரியும் சிறுத்தை இந்தியச் சிறுத்தையும் சேர்ந்த அதே இனத்தின் ஒரு துணையினம் என்ற அளவில் நிற்கிறது. தவளையின் கதை வேறு. எங்கள் மலைகளின் புதர்த்தவளைகளுக்கு வால்பேத்தைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். குளம் தேவையில்லை, ஈரம் தேவை. பாலம் இருந்தும் வரண்ட சமவெளியைத் தாண்ட அவற்றால் பெரும்பாலும் முடியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த மூதாதையின் வழியில் இத்தீவில் பல பத்து இனங்கள் பெருகிவிட்டன. அவற்றில் ஒரு கிளை மறுபடி இந்தியாவுக்கே போய் அங்கும் பரவியிருக்கிறது! இங்கே பெருகியவற்றில் பத்துக்கு மேற்பட்டவை இன்று பூண்டோடு இல்லை. காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் போட்ட கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாற்றத்தை ஒரு மனித ஆயுளுக்குள் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நுளம்பைப் பாருங்கள். இலங்கையில் 1963இல் மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். மருந்துத் தெளிப்பு தளர்ந்து நோய் மறுபடி வெடித்தபோது, 1969இல் மலேரியா நுளம்புகளில் டி.டி.டி. பூச்சிமருந்துக்கு அசையாதவை கண்டுபிடிக்கப்பட்டன. எந்த நுளம்பும் மருந்துக்குப் பழகவில்லை. தாங்கக்கூடியவை ஏற்கெனவே அங்கொன்று இங்கொன்றாக இருந்தன, மற்றவை செத்ததும் அவற்றின் வாரிசுகள் பெருகின. நுளம்புக்குத் தலைமுறை சில கிழமைகள்தான் என்பதால் நம் கண்ணுக்குத் தெரிந்தது.

குரங்குக்கு வருகிறேன். லயத்துக் கூரையில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரையில்) குதிக்கும் குரங்கு நம் பாட்டன் இல்லை, பங்காளி. அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை இரண்டரைக் கோடி வருடத்துக்கு முன்னால் இருந்திருக்கும். அதன் பிறகு நாம் நம் வழியில் மாறியதைப் போல் அதுவும் தன் வழியில் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அது மனிதனாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது, சித்தப்பா மகன் ஒருநாள் நானாகிவிடுவான் என்பது மாதிரி.

அரைவாசியில் நிற்கும் மாற்றத்தைப் பார்க்க ஆசையென்றால் நுவரெலியாக் காட்டு மந்தியைக் கவனியுங்கள். கொழும்புப் பக்கத்து மந்தியும் அதுவும் ஒரே இனம். ஆனால் மலை மந்திக்கு ரோமம் நீளம், அடர்த்தி. வெள்ளைக்காரன் அதைக் 'கரடிக் குரங்கு' என்றே சொன்னான். ஹோட்டன் சமவெளித் தேவாங்கும் அப்படித்தான், தாழ்நிலத்துத் தேவாங்கை விட ரோமம் தடிப்பு, கைகால் குட்டை. இவை துணையினங்கள். நடுவில் உள்ள காடு தொடர்ந்து இருந்தால் கலந்துகொண்டே இருக்கும், அறுந்தால் வருங்காலத்தில் வேறு வேறு இனமாகலாம். அல்லது அதற்குள் இரண்டில் ஒன்று இல்லாமல் போகலாம்.