மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு: கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். அதை எதிர்த்துக் கறுப்பினத்தவர் 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் போராடினார்கள். அதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

சார், வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்ததால்தானே ரோசா பார்க்ஸைக் கைது செய்தார்கள்? (கல்லூரி மாணவி)

இல்லைம்மா. முன்னால் இருந்த 10 இருக்கைகள்தான் வெள்ளையருக்கு. அவர் உட்கார்ந்திருந்தது அதற்குப் பின்வரிசை. அங்கே கறுப்பினத்தவர் உட்காரலாம். ஆனால் ஒரே ஒரு வெள்ளையர் இடமில்லாமல் நின்றாலும் அந்த வரிசையில் இருக்கும் நான்கு பேரும் எழுந்துவிட வேண்டும். 1955 டிசம்பர் 1 மாலை மூன்று பேர் எழுந்தார்கள், இவர் எழவில்லை. 'களைத்துப்போன தையற்காரி' என்ற கதை எனக்குப் பிடிக்காது. தையல் வேலை பார்த்தது உண்மை, ஆனால் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளையில் பல வருடம் செயலாளராக இருந்தவர். அந்த ஓட்டுநரும் புதியவர் அல்ல. முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்லி 1943-லேயே இவரை இறக்கிவிட்டவர்.

381 நாள் பஸ் ஏறாமல் வேலைக்கு எப்படிப் போனார்கள்? நான் நடத்துநராக இருந்தவன், அதனால் கேட்கிறேன்.

அருமையான கேள்வி ஐயா. நிறையப் பேர் நடந்தார்கள். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டையே வாங்கினார்கள். உடனே நகர நிர்வாகம், குறைந்தபட்ச டாக்சிக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைத் தூசி தட்டி எடுத்தது. சரி என்று சொந்தக் கார்களை இறக்கினார்கள். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று இடம் குறித்து, ஏறக்குறைய பஸ் மாதிரியே ஓட்டினார்கள். தேவாலயங்கள் வாங்கிய வண்டிகளுக்கு உள்ளூரில் காப்பீடு ரத்தானது. கடைசியில் லண்டனில் உள்ள லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை மூலம் எடுத்தார்கள்.

இன்னொன்று: கைதான அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடிய பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்தார். 26 வயது மார்ட்டின் லூதர் கிங் இந்தப் போராட்டத்துக்குத் தலைவரானது அதற்கு அப்புறம்தான்.

ஆரம்பத்திலேயே சமத்துவம் கேட்டார்களா?

இல்லை. பேச்சில் மரியாதை, உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது, கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். இவ்வளவுதான். வெள்ளையர் முன்னாலிருந்து, கறுப்பர் பின்னாலிருந்து உட்காருவதைக்கூட ஏற்கத் தயாராக இருந்தார்கள். அதையும் நகர நிர்வாகமும் பஸ் நிறுவனமும் மறுத்ததால்தான், பஸ்ஸில் இனப் பிரிவினையே செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். என் பார்வையில் திருப்புமுனை அதுதான்.

அப்படியென்றால் ரோசா பார்க்ஸ் வழக்கில் வென்றார்களா?

அவர் பெயர் அந்த வழக்கில் இல்லை. வழக்காடியவர்கள் வேறு நான்கு பெண்கள். அவர்களில் கிளாடெட் கால்வின், ஒன்பது மாதம் முன்பே இதே காரணத்துக்காக 15 வயதில் கைதானவர். அவரைப் பாடப்புத்தகங்கள் மறந்தது அநியாயம். 1956 நவம்பர் 13-ல் கார் ஏற்பாட்டுக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது!

அப்புறம் அமெரிக்காவில் வந்த 1964, 1965 உரிமைச் சட்டங்கள் குழம்புகின்றன.

1964: உணவகம், விடுதி, வேலைவாய்ப்பில் இனப் பாகுபாடு கூடாது. 1965: ஓட்டுப் போடுவதில் இனப் பாகுபாடு கூடாது.

பஸ் வழக்கின் தீர்ப்போடு அமைதி வந்ததா?

எங்கே! பஸ்கள்மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். 1957 ஜனவரியில் ஒரே இரவில் நான்கு தேவாலயங்களில் குண்டு வெடித்தது. வேலை இழந்திருந்த ரோசா பார்க்ஸ், அந்த வருடமே ஊரைவிட்டு வடக்கே உள்ள டெட்ராய்ட் நகருக்குப் போய்விட்டார்.