அம்மாவுக்கு 41 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. எனக்கும் அப்படித்தானா? முதுமை, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாம் மரபணுவிலேயே முடிவாகிவிடுமா?

நான் மருத்துவர் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறேன். எனக்கு 38 வயதில் நின்றுவிட்டது. இப்போது 47. பதில் சொல்ல என்னிடம் இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும் என்று தோன்றுகிறது. கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் கல்யாணமாகிக் குழந்தையைத் தள்ளிப்போட்டிருப்பீர்கள். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். ஒரு விஷயத்தில் நீங்கள் என்னைவிடக் கொடுத்துவைத்தவர். அம்மாவுக்கு 41 வயதில் நின்றது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே ஏகப்பட்ட கூத்து நடந்தது.

2016 தொடக்கத்தில் நாள் தவற ஆரம்பித்தது. இரவில் நெஞ்சிலிருந்து காது வரை அனல் ஏறும், தலையணை உறை நனைந்துவிடும். ஊரில் பேர் பெற்ற ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். "டென்ஷன்தான், வெயிட்டைக் குறைங்க" என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். போட்டால் வரும், விட்டால் வராது. எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. கடைசியில் தோழி ஒருத்தி பிடித்துத் தள்ளாத குறையாக ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மாவுக்கு எந்த வயசுல நின்னுச்சு?"

தெரியாது என்றேன். அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எதுக்குட்டி கேக்கே? எல்லாருக்கும் போலத்தான், அம்பது இருக்கும்" என்றாள். அதையே மருத்துவரிடம் சொன்னேன்.

பரிசோதனையில் எஃப்எஸ்எச் 71 என்று வந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 68. முட்டையை வளர்க்கச் சொல்லி மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைக் கூப்பிடும் குரல்தான் எஃப்எஸ்எச். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் குரல் ஏறிக்கொண்டே போகும். 25க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டுமாம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. 40க்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோவதைத் தனியாக ஒரு நோய்க்குறியாகவே பார்க்கிறார்கள். நூற்றில் ஒருவருக்கு என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள், இப்போது மூன்றரைப் பேர் என்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருந்தவள் நான். அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எழுதப்போவதில்லை.

உண்மையைச் சொன்னது சித்தி. ஒரு கல்யாண வீட்டில் என்னைத் தனியே கூட்டிப்போய், "உங்க அம்மைக்கும் இப்படித்தான்ட்டி, முப்பத்தெட்டுலயே நின்னுட்டு" என்றாள். 1993இல். அப்போது எனக்கு 15 வயது. ஆனால் 1993க்குப் பிறகும் அம்மா மாதம் மூன்று நாள் புறவாசல் திண்ணையில் தனித் தட்டு, தனிச் செம்போடு உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுக்களைக்குள் வரமாட்டாள், வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பாள். அப்படியென்றால்?

"நடிச்சாட்டி" என்றாள் சித்தி. "நின்னுட்டுன்னு தெரிஞ்சா உங்க ஆச்சி சும்மா இருப்பாளா? முப்பத்தெட்டு வயசுல கெழவி ஆயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவா." ஒன்பது வருடம் தேதி தவறாமல் தூரமாகியிருக்கிறாள் அம்மா. 2002இல் ஆச்சி, அதாவது அப்பாவின் அம்மா, கண்ணை மூடிய மறுமாதம் அதுவும் நின்றது. மாதம் மூன்று நாள் அடுப்பிலிருந்து விடுதலை கிடைத்ததையும் சேர்த்துத்தான் நடித்திருப்பாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த நடிப்புக்கு விலை இருந்தது. மருத்துவரிடமே போகவில்லை. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாவிட்டால் எலும்பு வேகமாகக் கரையும் என்று சொல்ல யாரும் இல்லை. 2014இல், 59 வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. வயதானால் விழத்தான் செய்வார்கள் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஏறக்குறைய பாதி மரபணுவின் கையில் என்று இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ சீக்கிரம் நின்றிருந்தால் நமக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆனாலும் அது வாய்ப்புதான். என் சொந்த அக்காவுக்கு 50 வயதுவரை ஒழுங்காக வந்தது. ஒரே வயிறு, ஒரே சாப்பாடு. அவள் மேல் எனக்குப் பொறாமை உண்டு, அவளுக்கும் அது தெரியும்.

பெண் குழந்தை அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சினைப்பையில் அறுபது, எழுபது லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம்தான். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். மாதாமாதம் வெளியே வருவதைக் கூட்டினால் வாழ்நாளில் நானூறோ ஐந்நூறோதான் தேறும், மிச்சமெல்லாம் உள்ளேயே கரைந்துபோகின்றன. கரையும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு மரபணு ஒரு காரணம். 2021இல் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்கள் இரண்டு லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நிற்கும் வயதோடு தொடர்புள்ள 290 இடங்களை டிஎன்ஏவில் கண்டுபிடித்தார்கள். அவற்றில் நிறைய, டிஎன்ஏ உடைந்தால் ஒட்டுப்போடும் வேலையைச் சேர்ந்தவை. ஒட்டு சரியாக விழாத முட்டையைச் சினைப்பை தானே கழித்துக்கட்டிவிடுகிறது. அந்தக் கெடுபிடியை நடத்தும் செக்2 என்ற மரபணு வேலை செய்யாதவர்களுக்கு மூன்றரை வருடம் தாமதமாக நிற்கிறதாம். ஆனால் அதே மரபணு கெட்டால் மார்பகப் புற்றுக்கு வாய்ப்பு கூடும். ஆக, தாமதமாக நின்றால் எல்லாம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.

அம்மா வழி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அப்பாவின் அக்கா, தங்கை, அத்தைமார்களையும் கேளுங்கள். எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்று ஒரு மரபணு உண்டு. அதில் டிஎன்ஏவின் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணிக்கை 55க்கும் 200க்கும் நடுவில் இருக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பை 40க்குள் ஓய்ந்துவிடுகிறது. ஆண்களுக்கு அதே கோளாறு 50 வயதுக்கு மேல் கை நடுக்கமாகவும் தள்ளாட்டமாகவும் வரலாம். தாத்தாவிடம் இருந்தால் அவருடைய எல்லா மகள்களுக்கும் வந்துவிடும். எனக்கும் பார்த்தார்கள், சரியாக இருந்தது. குரோமோசோமும் சரி. என் கோப்பில் இன்றைக்கும் "காரணம் அறியப்படவில்லை" என்றுதான் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் முடிகிறது.

பரம்பரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னொரு எரிச்சலும் வரும். தாத்தாவுக்குத் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நஞ்சை இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. அம்மாவுக்கு 1974இலேயே ஆகிவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அதற்குள், 1997இலேயே, மாமாக்கள் அம்மாவை வண்டி வைத்துக் கூட்டிப்போய், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கைமாறாக ஒரு பட்டுச்சேலை. வயல் அவர்களுக்கு, கரைகிற எலும்பு எங்களுக்கு. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

நோய் எதிர்ப்பு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தைராய்டு எதிர்ப்பொருள் அதிகம், அதாவது என் உடம்பின் காவல்காரனே என் தைராய்டை அடிக்கிறான். அம்மாவுக்கு மணிக்கட்டில் வெண்புள்ளி உண்டு, அதுவும் இதே ஜாதி. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் இந்தக் காவல்காரர்களுக்குப் பள்ளிக்கூடம். சொந்த உறுப்பு எது, அந்நியம் எது என்று அங்கே பாடம் நடத்துவதில் ஏர் என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. அதை 1997இல் கண்டுபிடித்தார்கள். அது அடியோடு கெட்டால் அட்ரினல், பாராதைராய்டு, சினைப்பை என்று சுரப்பிகள் ஒவ்வொன்றாகத் தாக்கப்படும். அது மிக அரிய நோய், எனக்கு அது இல்லை. ஆனால் அதன் தயவில்தான் ஹார்மோனுக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் இருக்கும் தொடர்பு எனக்குப் புரிந்தது. இந்த மாதிரித் தன்னையே தாக்கும் நோய்கள் வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். சீக்கிரம் நின்றவர்கள் தைராய்டையும் அட்ரினலையும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயுள் விஷயத்தில் மரபணுவின் பங்கு இன்னும் குறைவு. 1870 முதல் 1900 வரை பிறந்த டேனிஷ் இரட்டையர்களை வைத்துக் கணக்கிட்டதில் ஆயுளில் கால்வாசிதான் மரபணுவால் என்று வந்தது. எங்கள் ஆச்சி, அம்மா யாருக்குப் பயந்து நடித்தாளோ அதே ஆச்சி, 93 வரை இருந்தாள். 43 வயதில் கடைசிப் பிள்ளையைப் பெற்றாள். அவளிடமிருந்து எனக்கு வந்தது இந்த மூக்கு மட்டும்தான்.

இப்போது கருத்துப் பெட்டியில் "பிராய்லர் கோழிதான் காரணம்" என்று எழுதப்போகிறவர்களுக்கு. அம்மாவுக்கு 1993இல் நின்றது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழி அடித்ததே தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும்தான், அதுவும் வீட்டில் வளர்த்தது. உளுந்தங்களி சாப்பிட்டிருக்க வேண்டும் என்பவர்களுக்கு: வயதுக்கு வந்ததிலிருந்து ஆறு மாதம் நல்லெண்ணெய் வழிய வழியச் சாப்பிட்டேன். உளுந்தைக் குறை சொல்லவில்லை, நல்ல சாப்பாடுதான். இல்லாத முட்டையை அது எங்கிருந்து கொண்டுவரும்? புகை பிடித்தால் ஒன்றிரண்டு வருடம் முந்தி நிற்கும் என்பது மட்டும் உறுதியான விஷயம்.

ஹார்மோன் மாத்திரை போட்டால் கேன்சர் வரும் என்று என்னைப் பயமுறுத்தாத சொந்தக்காரர் இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வை, மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. 38 வயதுக்காரிக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? எங்களுக்குக் கொடுப்பது அந்த வயதில் இயல்பாக இருந்திருக்க வேண்டியதைத்தான், 50 வயதுவரையாவது போடச் சொல்கிறார்கள். மார்பகப் புற்று வந்தவர்களுக்கெல்லாம் இது ஆகாது, அதனால் என்னை நம்பி மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நான் ஆறு மாதம் பயந்து தள்ளிப்போட்டேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் மைனஸ் 1.9 என்று, அதாவது இயல்பைவிடக் குறைவாக, வந்ததும் ஆரம்பித்தேன். இப்போது அதே இடத்தில் நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல மருத்துவரிடம் போய் "அம்மாவுக்கு 41" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஏஎம்எச் என்ற பரிசோதனை இருக்கிறது, முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று குத்துமதிப்பாகக் காட்டும். எந்த வருடம் நிற்கும் என்றெல்லாம் சொல்லாது. அதைச் சொல்வதாக விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். குழந்தை வேண்டுமென்றால் முட்டையை உறையவைப்பது பற்றியும் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

என் மகளுக்கு இப்போது 19. இரண்டு வாரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், என் அம்மாவின் புறவாசல் கதை உட்பட. கேட்டுவிட்டு, "சரிம்மா, எத்தனை வயசுல டெஸ்ட் எடுக்கணும்னு மெசேஜ் பண்ணிடு, மறந்துருவேன்" என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.