டிப்ளோமா இருந்தும் ஓப்ரேட்டராவே இருக்கேன் அக்கா

கேள்வி: படாங் செராய் பக்கம் தோட்டத்துல இருந்து எழுதுறேன் அக்கா. பொலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் டிப்ளோமா முடிச்சிட்டு மூனு வருஷமா கையுறை பேக்டரில ஓப்ரேட்டரா இருக்கேன். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைல மெஷின் பழுது பாக்குற மெயிண்டனன்ஸ் டெக்னீஷியனா போகனும்னு ஆசை. ஜாப்ஸ்ட்ரீட் வெப்சைட்ல ரெசுமே அனுப்பி அனுப்பி சலிச்சு போச்சு, ஒரு போன் கூட வரல. ஏஜெண்டு ஒருத்தர் 500 வெள்ளி கட்டுனா உள்ள சேர்த்து விடுறேன்றாரு. அப்பா இருக்குற வேலைய விடாதேன்றாரு. என்ன செய்றது?

பதில்: தங்கச்சி, அந்த 500 வெள்ளிய எடுத்து பத்திரமா வச்சுக்கோ. வேலைக்கு ஆள் சேர்க்குற ஏஜென்சிக்கு 1981 தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சி சட்டப்படி ஜபாத்தான் தெனாகா கெர்ஜா, அதாவது தொழிலாளர் இலாகா குடுக்குற லைசென்ஸ் வேணும், அத காட்டுங்கன்னு கேட்டு பாரு, ஆளே காணாம போயிடுவாரு. சமூக பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்துற மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலை வெப்சைட்ல பதியுறதுக்கு ஒரு காசும் வேணாம், அதுலயும் போய் பேர போட்டு வை.

இப்போ விஷயத்துக்கு வரேன். ஹைடெக்ல வேலைன்னு பொதுவா ஒரு வேலை கிடையாதுமா. இன்டெல்லும் அங்க இருக்கு, இன்ஃபினியனும் இருக்கு, சோலார் பேனல் செய்ற ஃபர்ஸ்ட் சோலாரும் இருக்கு, ஒவ்வொன்னுலயும் மெஷின் வேற, வேலை வேற. நீ எல்லாத்துக்கும் ஒரே ரெசுமேய அனுப்பியிருப்பே, அதுல மேல பெருசா 'புரொடக்‌ஷன் ஓப்ரேட்டர்'னு இருக்கும், படிக்கிற எச்.ஆர். சரி இது ஓப்ரேட்டர் தானேன்னு ஓரமா வச்சிடுவாங்க. அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

ஆனா யோசிச்சு பாரு, லைன்ல செயின் ஜாம் ஆனா மொதல்ல பாக்குறது யாரு? ஓவன் சூடு ஏறி இறங்குறத கண்டுபிடிச்சு டெக்னீஷியன கூப்பிடுறது யாரு? நீதானே. அத எழுது. இன்ன மெஷின், இன்ன கோளாறு, நான் என்ன கவனிச்சேன், டெக்னீஷியன் கூட நின்னு என்ன செஞ்சோம்னு நாலு வரி போதும். டிப்ளோமால செஞ்ச ஃபைனல் பிராஜெக்ட், பிராக்டிக்கல் போன இடம், மெஷின ஓட்டுற கண்ட்ரோலர் பி.எல்.சி. தொட்டிருந்தா அது, இதெல்லாம் மேல வரட்டும், ஓப்ரேட்டர் கீழ போகட்டும். செய்யாதத மட்டும் எழுதாதே, அங்க இன்டர்வியூ எடுக்குறவரு இன்ஜினியரா இருப்பாரு, ரெண்டே கேள்வில தெரிஞ்சிடும்.

இன்னொன்னு, இதுதான் எனக்கு பெருசா படுது. நீ இருக்குற பேக்டரிலயே மெயிண்டனன்ஸ் டிப்பார்ட்மென்ட் இருக்குல்ல? அங்க மாத்தி விடுங்கன்னு எப்பவாவது வாய் திறந்து கேட்டிருக்கியா? நம்ம பிள்ளைங்க வெளிய நூறு எடத்துக்கு அனுப்புவாங்க, பக்கத்து ரூம்ல இருக்குற சூப்பர்வைசர்கிட்ட கேக்க கூச்சம். மெயிலா எழுதி டிப்ளோமா காப்பியோட எச்.ஆர்.க்கு குடு. கிடைச்சா ஒரு வருஷம் அங்கயே டெக்னீஷியனா இரு, அப்புறம் ஹைடெக்குக்கு அனுப்புற ரெசுமேவே வேற மாதிரி இருக்கும், அப்பா சொல்றதும் காப்பாத்துன மாதிரி ஆச்சு. ஒரு பொம்பள பிள்ளைக்கு ஸ்பேனர் எதுக்குன்னு எவனாவது கேப்பான், கேக்கட்டும்.

அதோட நம்ம ஊரு கோயில்ல அன்னதானம் பரிமாற வர்ற பையன்கள விசாரிச்சு பாரு, அதுல எத்தனை பேரு ஹைடெக்ல ஷிப்ட் போறாங்கன்னு தெரியும். வேலை வாங்கி குடுங்கன்னு கேக்காதே, அது அவங்க கையில இல்ல. உங்க டிப்பார்ட்மென்ட்ல எந்த மெஷின் அதிகமா கெடும், இன்டர்வியூல என்ன கேட்டாங்க, எப்போ ஆள் எடுப்பாங்க, இத கேளு. ஆள் சிபாரிசு பண்ணா ஸ்டாஃபுக்கு காசு குடுக்குற கம்பெனியும் இருக்கு, அதனால சந்தோஷமாவே உன் பேர குடுப்பாங்க.

இன்டர்வியூ வந்தா இப்படி ஒன்னு கண்டிப்பா எதிர்பாரு: மோட்டார் ஓவர்லோட்ல ட்ரிப் ஆகுது, என்ன செய்வே? ரீசெட் பண்ணி ஓட விடுவேன்னு சொன்னே, போச்சு. மொதல்ல கரண்ட கட் பண்ணி, வேற யாரும் ஆன் பண்ணாம இருக்க சுவிட்சுக்கு லாக் போட்டு டேக் மாட்டுவேன், அப்புறம் லோடு பக்கம் எங்கயாவது சிக்கியிருக்கா, பேரிங் இறுகிடுச்சான்னு பாப்பேன், அது சரின்னா லாக்க எடுத்து கரண்ட் குடுத்து மூனு பேஸும் ஒழுங்கா வருதா, கரண்ட் எவ்ளோ இழுக்குது, ஓவர்லோட் செட்டிங் மோட்டார் பிளேட்ல போட்டிருக்கறதோட ஒத்து போகுதான்னு வரிசையா சொல்லு. விடை முழுசா தெரியலனாலும் வரிசை சரியா இருந்தா அவங்களுக்கு பிடிக்கும். வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு இங்கிலீஷ்லயும் மலாய்லயும் சத்தமா சொல்லி பழகு, தம்பி தங்கச்சி சிரிச்சா சிரிக்கட்டும்.

கரண்டு சிஸ்டத்த பாத்துக்குற சார்ஜ்மேன் ஆகுற கோர்ஸுக்கு இப்பவே ஓடிடாதே. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா குடுக்குற அந்த சர்டிபிகேட்டுக்கு நல்ல மவுசு தான், ஆனா அதுக்கு கரண்டு வேலைல அனுபவம் காட்டனும், டெக்னீஷியனா கொஞ்ச நாள் இருந்துட்டு போனா காசு வீணாகாது.

கடைசியா, ஆஃபர் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் இங்க ராஜினாமா குடுக்காதே, வாய் வார்த்தைய நம்பாதே. லெட்டர்ல பேசிக் எவ்ளோ, ஷிப்ட் அலவன்ஸ் எவ்ளோ, புரொபேஷன் எத்தனை மாசம்னு தனித்தனியா பாரு, 12 மணி நேர ஷிப்ட்டா இருந்தா ராத்திரி உங்க தோட்டம் வரைக்கும் கம்பெனி பஸ் வருமான்னும் கேட்டுக்கோ. நோட்டீஸ் எவ்ளோன்னு உன் பழைய கான்ட்ராக்ட்ட எடுத்து படி, அதுல ஒன்னும் போடலனா ரெண்டு வருஷத்துக்கு மேல அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்குறவங்களுக்கு சட்டப்படி 6 வாரம். எப்போ சேர முடியும்னு அவங்க கேட்டா அத கணக்கு பண்ணி தேதி சொல்லு.