ஸ்கிரிப்ட் தோற்றும் பில்ட் பச்சையாகவே இருக்கிறதே, ஏன்?

கேள்வி: எங்கள் பில்ட் (நிரலைத் தொகுத்து, சோதித்து, பேக்கேஜ் ஆக்கும் வேலை) அதைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற கருவியில் ஓடுகிறது. சோதனைகளை ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டின் வெளியீட்டை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் '|' குறி) வழியாக 'டீ' கட்டளைக்குக் கொடுத்து, திரையில் காட்டுவதோடு லாக் கோப்பிலும் சேமிக்கிறோம். போன வாரம் சில சோதனைகள் தோற்றன, லாக்கிலும் அது இருக்கிறது. ஆனால் பில்ட் வெற்றி என்று பச்சை காட்டி, பேக்கேஜ் சர்வருக்கே போய்விட்டது. இனி லாக்கில் 'எரர்' என்ற சொல்லைத் தேடி, இருந்தால் பில்டை நிறுத்தலாம் என்கிறார் டீம் லீட். இது சரிதானா?

பதில்: வேண்டாம். 'எரர்ஸ்: 0' என்று ஒரு கருவி மகிழ்ச்சியாக அறிவித்தாலும் அந்தத் தேடலில் சிக்கும். பெயரிலேயே 'எரர்' உள்ள ஒரு கோப்பைக் கம்பைல் செய்தாலும் சிக்கும். ஆனால் நினைவகம் போதாமல் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) ஒரு நிரலைக் கொன்றால், அது ஒரு வரிகூட எழுதாமல் சாகும். தேடல் அதைப் பார்க்காது. இரண்டு வாரத்தில் விதிவிலக்குகளின் பட்டியல் ஸ்கிரிப்டை விட நீளமாகிவிடும்.

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. அதுதான் எக்சிட் கோட். 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. ஜென்கின்ஸ் பார்ப்பது இதைத்தான், லாக்கை அது படிப்பதில்லை. உங்கள் சோதனைக் கருவி அநேகமாகத் தோல்வியைச் சரியாகவே சொல்லியிருக்கும். நடுவில் யாரோ அதை விழுங்கிவிட்டார்கள்.

விழுங்கியது பைப். பைப்பால் இணைத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் கோட்தான் மொத்தத்துக்கும் கோட். உங்கள் வரியில் கடைசியாக இருப்பது 'டீ'. அது லாக்கை ஒழுங்காக எழுதி முடித்தது, 0 தந்தது. அந்தப் பைப் வரி இருக்கும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட் -ஈ', 'செட் -ஓ பைப்ஃபெயில்' இரண்டையும் போடுங்கள். முன்னது, ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தும். பின்னது, பைப்பில் யார் தோற்றாலும் முழு வரியையும் தோல்வியாகக் கணக்கிடும். முதலாவது மட்டும் இருந்தால் உங்கள் சிக்கல் தீராது.

இங்கே ஜென்கின்ஸில் ஒரு குழி இருக்கிறது. ஜென்கின்ஸ் பைப்லைனில் (பில்டின் படிகளை வரிசையாக எழுதும் கோப்பு) எழுதும் ஷெல் படியை அது இயல்பாகவே '-ஈ' சேர்த்துத்தான் ஓட்டும். ஆனால் முதல் வரியில் '#!' போட்டு 'பாஷ்' என்ற ஷெல்லைக் குறிப்பிட்டால் அந்தச் சலுகை போய்விடும், நீங்களே போட்டாக வேண்டும். இன்னொன்று, ஷெல் படியின் ஸ்கிரிப்டைத் திறக்கும் மூன்று மேற்கோள் குறிகளுக்குப் பிறகு என்டர் தட்டிவிட்டு '#!' எழுதினால் அது இரண்டாம் வரியாகிவிடும். ஜென்கின்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் கணினியின் இயல்பு ஷெல்லில் ஓட்டும். உபுண்டுவில் அது பாஷ் இல்லை, டாஷ் என்ற வேறொரு ஷெல். அதன் பழைய பதிப்புகளுக்கு 'பைப்ஃபெயில்' தெரியாது. ஜென்கின்ஸ் போல பில்ட் ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலும் இதே மாதிரி ஒரு வினோதம் உண்டு: லினக்ஸில் ஷெல் எதுவென்று சொல்லாமல் விட்டால் '-ஈ' மட்டும், பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால்தான் 'பைப்ஃபெயில்' சேரும்.

சரி, இரண்டையும் போட்டாயிற்று, நிம்மதியா? முழுக்க இல்லை. 'செட் -ஈ' சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனைக்குள்ளோ '||' குறிக்கு (இடப்பக்கம் தோற்றால் வலப்பக்கத்தை ஓட்டும் குறி) இடப்பக்கமோ அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் எந்த வரி தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காது. 'லோக்கல்' என்று மாறியை அறிவிக்கும் வரியிலேயே ஒரு கட்டளையின் விடையை அதில் நிரப்பினால், கட்டளையின் தோல்வி மறைந்து 'லோக்கல்' தரும் 0 மட்டும் மிஞ்சும். அறிவிப்பை ஒரு வரியிலும் நிரப்புவதை அடுத்த வரியிலும் எழுதுங்கள். ஷெல்செக் என்ற இலவசக் கருவி இதைச் சுட்டிக்காட்டும், அதையே பில்டில் ஒரு படியாக வைத்துவிடலாம். அப்புறம் தோல்வியை வெற்றியாக்கிவிடும் '|| ட்ரூ' என்று முடியும் வரிகளை எல்லாம் தேடிப் பாருங்கள். யாரோ அவசரத்தில் போட்டுவிட்டுப் போனவை, பெரும்பாலும் ஏன் என்று யாருக்கும் நினைவிருக்காது.

எதிர்ப்பக்கத் தொல்லையும் வரும். உரையில் சொல் தேடும் 'கிரெப்', தேடியது கிடைக்காவிட்டால் 1 தரும், அது பிழை அல்ல. பைப்பின் முடிவில், முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் 'ஹெட்' சீக்கிரம் மூடிக்கொண்டால் அதற்கு முந்தைய கட்டளை 141 உடன் விழலாம். அந்த வரிகளுக்கு மட்டும் தனி விலக்கு கொடுங்கள், மொத்தமாக 'செட் -ஈ'யை அணைக்காதீர்கள்.

சிவப்பு வந்தபின் எண்ணைப் பாருங்கள். 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தும் ஓட்ட முடியவில்லை. 128க்கு மேல் என்றால் பெரும்பாலும் சிக்னலால் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் அனுப்பும் குறி) செத்தது, 128ஐக் கழித்தால் சிக்னலின் எண் கிடைக்கும்: 137 என்றால் 128 உடன் 9, யாரோ வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள், நினைவகத்தை முதலில் சந்தேகியுங்கள். தோற்ற சோதனைகளின் எண்ணிக்கையையே எக்சிட் கோடாகத் தரும் ஸ்கிரிப்ட் உங்களிடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். சரியாக 256 சோதனைகள் தோற்றால் எண் சுற்றி 0 ஆகி, பில்ட் பச்சையாகும்!

எக்சிட் கோட் பிடிக்காத தோல்வி ஒன்று உண்டு: எதுவுமே செய்யாமல் 0 தந்துவிட்டுப் போவது. பில்ட் தொடங்கும்போதே பழைய வெளியீட்டு அடைவை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய பேக்கேஜ் இன்றையது போல வேடம் போடும். முடிவில் கோப்பு இருக்கிறதா, காலியாக இல்லையா என்று 'டெஸ்ட் -எஸ்' மூலம் பாருங்கள். சோதனை அறிக்கையில் ஓடிய சோதனைகளின் எண்ணிக்கை 0 என்றால் அதையும் தோல்வியாக்குங்கள்.

இதையெல்லாம் செய்தபின் ஒரு தனிக் கிளையில், ஒவ்வொரு படியிலும் மாற்றி மாற்றி, எப்போதும் தோற்கும் 'ஃபால்ஸ்' கட்டளையை ஒரு வரியாகச் செருகி ஓட்டுங்கள். உங்கள் சோதனைப் படியில், 'டீ'க்கு முந்தைய கட்டளையின் இடத்திலும் அதை வைத்துப் பாருங்கள். எங்கே சிவப்பு வரவில்லையோ, அங்கே இன்னும் ஓட்டை இருக்கிறது.